பதினான்காம் எண் கண்ணாடி

என் முகமூடியில் இருப்பது பத்தாம் எண் கண்ணாடி.
ட்ரெய்லர் அச்சுகளை ஒட்ட அது போதும்,
பதினேழு வருஷமாய்ப் போதுமாக இருக்கிறது.
சூரியனுக்குப் பதினான்கு வேணும்.
கென்னடி வீதிக் கடைக்காரன் வெறும் தட்டைக் காட்டினான்:
மார்ச்சிலேயே முடிந்துவிட்டதாம்.

அதனால் காகிதக் கண்ணாடி. நாலு.
நூலகத்தில் வரிசையில் நின்று கோசலா வாங்கிவந்தாள்.
ஒவ்வொன்றாய்ப் போட்டுச் சமையலறை விளக்கைப் பார்த்தேன்.
இருட்டு.
பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். இருட்டு.
கைபேசி டார்ச்சைக் கிட்டப் பிடித்தேன்:
எங்கோ தூரத்தில் மங்கலாய் ஒரு பொட்டு. சரி.
நாலாவதில், இடப்பக்கம், மயிரளவு கீறல்.
"நகம் பட்டிருக்கும்," என்றாள்.
கத்தரிக்கோலை எடுத்து இரண்டாய் வெட்டினேன்.
"ஒரு கீறலுக்கா?"
ஒரு கீறலுக்குத்தான்.

தொழில் பழகிய முதல் மாதம்
முகமூடி இறங்க முன்னம் பொறி வெடித்துவிட்டது.
இரவு இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் ஒரு பிடி மணல்.
வெட்டிய உருளைக்கிழங்கை இமையில் வைத்தபடி
விடியும்வரை குந்தியிருந்தேன்.
இப்போது நினைத்தால் அது நல்ல வலி.
கத்தி எழுப்பியது, மறுநாள் போய்விட்டது.

சூரியன் சத்தம் போடாது.
"விழித்திரைக்கு நோகத் தெரியாது," என்கிறான் மிரொன்,
என் பக்கத்து மேசைக்காரன்.
தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில், ருமேனியாவில், பத்து வயதில்,
தகப்பனின் நெஞ்சு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து
விலா எலும்புகளுக்கு நடுவால் பார்த்திருக்கிறான்.
கூசவில்லை. பின்னேரம் பந்தடிக்கவும் போனான்.
மறுநாள் செய்தித்தாளில்
ஒவ்வொரு சொல்லுக்கும் நடு எழுத்தைக் காணவில்லை.
இன்றைக்கும் இடக்கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தால்
தொப்பி இருக்கிறதாம், தோள் இருக்கிறதாம்,
முகம் இல்லையாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இல்லை.
பஸ்சுக்குள் இருந்து பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிடுவார்கள்
என்று லீவு விட்டிருக்கிறார்கள்.
இங்கே ஸ்காபரோவில் தொண்ணூற்றொன்பது வீதம் மறையும்.
"அது காணாதா அப்பா?" என்றாள் தர்மிகா,
கணக்கில் எழுபத்திரண்டு எடுத்துவந்து
அது காணும் என்று வாதாடியவள்.
மிச்சம் ஒரு வீதம் இருக்கே, அதுவும் சூரியன்தான்.

ஆகவே போர்ட் கோல்போர்ன்.
நயாகராவுக்குப் பத்து லட்சம் பேர் வருவார்களாம்,
நாங்கள் ஏரிக்கரைக்கு. விடிய ஆறரைக்கு வெளிக்கிடுவது,
எண்ணெய் இன்றைக்கே நிரப்புவது.
புளிச்சாதம் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு முடிப்பது.
"கிரகணத்தில் சாப்பிடக்கூடாது எண்டா?" என்று கேட்டேன்.
"கக்கூஸ் லைனில கிரகணம் பாக்க ஏலாது எண்டு," என்றாள் கோசலா.

வரவேற்பறையில் ஒத்திகை. மேசை விளக்குத்தான் சூரியன்.
குனி. போடு. நிமிர்.
குனி. கழற்று.
முழுக்க இருண்ட பிறகு நான் "இப்ப" என்பேன்.
அப்போது மட்டும் வெறுங்கண்.
மற்ற ஓரத்தில் வெளிச்சம் முளைக்க முன்னம் "போதும்" என்பேன்.
இடையில் மூன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட.
நேற்று இறைச்சிக் கடையில் நிற்கும்போதும்
அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
"போதும்" பிந்திவிடக்கூடாது.

மிரொனும் வருகிறான்.
வெட்டிப் போட்டது அவனுக்கென்று வாங்கிய கண்ணாடி.
சொன்னபோது தோளைக் குலுக்கினான்:
தான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பானாம்,
இந்தமுறை நிலத்தைத்தான் பார்க்கப் போகிறானாம்.
அவனுக்காக இடியாப்ப உரலின் சில்லைக்
கழற்றிக் கழுவி வைத்திருக்கிறாள் கோசலா.

வானொலி நாளைக்கு எழுபது வீதம் முகில் என்கிறது.
போகாமல் விடுவமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைக்கு நல்ல வெயில்.
யன்னலடியில் சில்லைப் பிடித்துப் பார்த்தோம்.
மரத்தரையில் சின்னச் சின்னச் சூரியன்கள்,
எல்லாம் முழு வட்டம், ஒன்றிலும் இன்னும் கடி விழவில்லை.
தர்மிகா ஒன்றை மிதித்தாள்.
அது அவள் காலுறையில் ஏறி நின்றது.